காலேஜ் பேயை விசாரிப்பது எப்படி?

வடசென்னையில் ராயபுரமோ வண்ணாரப்பேட்டையோ வியாசர்பாடியோ, கொஞ்சம் வயதான கட்டடம் இருக்கிற கல்லூரி என்றால் ஒரு பேயும் இருக்கும். பூட்டிக் கிடக்கும் லேப், மூன்றாவது மாடி பாத்ரூம், தண்ணீர் டேங்க், பின்பக்கப் புளியமரம் என்று இடம்தான் மாறும். வெள்ளைச் சேலையும் கொலுசும் மாறாது. நம்பிவிட்டுப் போவதும் சுலபம், சிரித்துவிட்டுப் போவதும் சுலபம். ஒழுங்காகக் கேட்டு, சரிபார்த்து எழுதி வைப்பதில்தான் வேலை இருக்கிறது. கல்லூரி மலருக்கு எழுதுகிறவர்களுக்கும் நாட்டார் வழக்காற்றியலில் ப்ராஜெக்ட் செய்கிறவர்களுக்கும் இந்த முறை உதவும்.

முதலில் ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வளாகத்தில் ஐந்து பேய் இருந்தாலும் ஐந்தையும் ஒன்றாகத் தொட்டால் எல்லாம் கலந்துவிடும். அந்த ஒரு கதைக்கு, குறைந்தது நான்கு பேட்ச் ஆட்களிடமிருந்து 12 வடிவங்களாவது வேண்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேன்டீன் மேஜையைச் சுற்றி ஆறு பேரை உட்காரவைத்துக் கேட்டால் ஆறு கதை வராது. முதலில் பேசினவரின் கதைதான் ஆறு தடவை வரும்.

இரண்டாம் வருட மாணவர்தான் மிக மோசமான சாட்சி. கேட்டது போன வருடம், அதற்குள் பத்து ஜூனியரிடம் சொல்லிச் சொல்லி மெருகேறியிருக்கும். நைட் வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், லேப் அட்டெண்டர், ஓய்வு பெற்ற வார்டன் ஆகியோரை முதலில் பிடியுங்கள். அவர்களிடம் "பேய் பாத்திருக்கீங்களா?" என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று முடித்துவிடுவார்கள், அல்லது நீங்கள் எதிர்பார்ப்பதையே சொல்லி அனுப்புவார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"அண்ணே, நைட் டூட்டில எந்த எடத்துல தனியா நிக்க உங்களுக்குப் புடிக்காது?"

"அந்த சம்ப் பக்கம்தான் தம்பி. மூணு மணிக்கு மேல யாரோ மொனங்குற மாதிரி இருக்கும்."

இங்கே பேய் என்ற சொல்லே வரவில்லை. இடம், நேரம், சத்தம் மூன்றும் வந்துவிட்டன. உடனே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வி, "நீங்களே கேட்டதா, வேற யாராச்சும் சொன்னதா?" நேரடி அனுபவம் என்றால் நோட்டில் 'நே' என்றும், கேள்விப்பட்டது என்றால் 'கே' என்றும் குறியுங்கள். பெரும்பாலான கதைகளில் எல்லாமே 'கே'-யாக இருக்கும். பார்த்தவர் எப்போதும் "என் ஃப்ரெண்டோட ரூம்மேட்"டாகத்தான் இருப்பார். அப்படியிருந்தால் கதை பொய் என்று அர்த்தமில்லை. அது ஊர் ஊராகப் போகும் கதை, உங்கள் வளாகத்துக்கும் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது இடம். முதல்வரிடமோ வார்டனிடமோ எழுத்தில் அனுமதி வாங்கி, ஆட்கள் நடமாடும் நேரத்தில் ஒருமுறையும் இரவில் இரண்டு முறையும் போங்கள். மூன்று பேருக்குக் குறையக் கூடாது. மூடியில்லாத சம்ப், பாம்பு, துருப்பிடித்த கைப்பிடிச் சுவர் ஆகிய மூன்றும் பேயைவிட ஆபத்தானவை. 15 நிமிடத்துக்கு ஒரு முறை நேரம், சத்தம், காற்று வரும் திசை, எரியும் விளக்கு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.

மேலே சொன்ன முனகலையே எடுத்துக்கொள்வோம். வடசென்னைக்காரர்களுக்கு இது தெரியாத சத்தம் இல்லை. மெட்ரோ வாட்டர், அதாவது மாநகரக் குடிநீர், விடுவதற்குச் சற்று முன்னால், காலிக் குழாயில் அடைந்திருக்கும் காற்றைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும். அரைகுறையாக மூடிய வால்வு வழியாக அந்தக் காற்று வெளியேறும்போது முதலில் உஸ்ஸென்று இழுக்கும், பிறகு தாழ்ந்து முனகும், நடுவில் விட்டு விட்டுக் கனைக்கும். அடி பம்பில் தண்ணீர் ஏறும் முன் கேட்கும் சத்தத்தின் அண்ணன் இது. தண்ணீர் வந்த நேரத்தை ஏழு நாள் குறியுங்கள், முனகல் கேட்ட நேரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். இரண்டும் ஒட்டிப் போகின்றனவா என்று பாருங்கள். ஒரே ஒரு நாள் ஒத்துப்போனதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கதவு தானாக அடித்துக்கொள்கிறது என்பது இன்னொரு வழக்கமான புகார். இதற்குக் கடற்கரை ஊரின் காற்றைத் தெரிந்திருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடல்காற்று அடிக்கும். நள்ளிரவு தாண்டி அது அடங்கி, பல நாட்களில் மேற்கிலிருந்து நிலக்காற்று கிளம்பும். சாயங்காலம் அசையாமல் நின்ற கதவு விடியற்காலை மூன்று மணிக்கு அடிப்பது அதனால் இருக்கலாம். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடித்தால் புகை போகும் திசை தெரிந்துவிடும். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்றால், கொருக்குப்பேட்டை பக்கம் போகும் கூட்ஸ் வண்டியையும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியையும் கணக்கில் எடுங்கள். ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் உங்கள் போனிலிருக்கும் அதிர்வு உணரியை வரைபடமாகக் காட்டும். போனைத் தரையில் வைத்து ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

பூ வாசம் என்றால் நாசியை நம்பி மரத்தைத் தேடுங்கள். பவழமல்லி, மரமல்லி, ஏழிலைப்பாலை எல்லாம் இரவில் மணப்பவை. கூரைமேல் நடக்கும் காலடி பெரும்பாலும் மரநாயினுடையது. தொண்டை கிழியக் கத்துவது கூகை.

விளக்கம் சொல்கிறேன் என்று கிளம்புகிறவர்களும் கதை கட்டுவார்கள். புளியமரம் இரவில் கரியமில வாயுவை விடுவதால்தான் கீழே படுத்தவருக்கு மூச்சு முட்டுகிறது என்பது அதில் பிரபலம். திறந்த வெளியில் அந்த அளவு ஒன்றுமேயில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் ஆள் விடும் மூச்சே அதைவிட அதிகம். காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த ஒலியான இன்ஃப்ராசவுண்டும் அப்படித்தான். இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளர், தன் ஆய்வுக்கூடத்தில் தெரிந்த சாம்பல் நிற உருவத்துக்கு ஒரு மின்விசிறி கிளப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காரணம் என்று 1998-ல் எழுதினார். அன்றிலிருந்து எல்லாப் பேய்க்கும் அதையே மாட்டிவிடுகிறார்கள். அந்த ஒலியைப் போன் மைக்கை வைத்து நிரூபிக்க முடியாது. ஆன்லைனில் விற்கும் 'பேய் மீட்டர்' சுவருக்குள் ஓடும் ஒயருக்கும் உங்கள் போனுக்கும்தான் கத்தும், அதை வாங்கவே வேண்டாம். போட்டோவில் மிதக்கும் வெள்ளை வட்டம் ஃபிளாஷ் பட்ட தூசு. நைட் மோடில் எடுத்தால் நடந்து போகிறவர் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவார், ஏனென்றால் அது சில விநாடிகள் திறந்திருந்து எடுக்கும் படம்.

ஹாஸ்டலில் நெஞ்சின்மேல் ஏறி உட்காரும் அமுக்குவான் பேயைத் தனியாக விசாரியுங்கள். விழிப்பு வந்தும் உடம்பு கனவுத்தூக்கத்தின் பிடியிலேயே இருக்கும் நிலை அது. மல்லாந்து படுப்பதும் தூக்கம் கெடுவதும் அதைக் கூட்டும். ஆகவே எப்படிப் படுத்திருந்தார், முந்தின இரண்டு இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார், செமஸ்டர் பரீட்சை நேரமா என்று கேளுங்கள். இவர் பொய் சொல்லவில்லை. பயமும் பாரமும் உண்மை.

"இந்த எடம் முன்னாடி சுடுகாடு" என்ற வரி எல்லாக் கதையிலும் வரும். மூலக்கொத்தளத்தில் நிஜமாகவே சுடுகாடு உண்டு. பக்கத்தில் இருப்பது வேறு, கட்டடத்துக்கு அடியில் இருந்தது வேறு. அடிக்கல் கல்வெட்டில் ஆண்டைப் பாருங்கள், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய நகர வரைபடங்களைக் கேளுங்கள். முதல் உலகப் போரில் சென்னையைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் குண்டில் இந்த ஹாலில் ஆள் செத்தார் என்றால், எம்டன் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு, இலக்கு துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள். கல்வெட்டு 1955 என்றால் கணக்கு உதைக்கிறது.

கதைக்குள் தூக்கு மாட்டிக்கொண்ட மாணவி வந்தால் பேனாவைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அது உண்மையான மரணமாக இருக்கலாம், குடும்பம் இரண்டு தெரு தள்ளி இருக்கலாம். பெயர், துறை, அறை எண், இறந்த முறை எதுவும் அச்சில் வரக் கூடாது. சொல்லும்போது ஒருவர் உடைந்துபோனால் பேட்டியை முடித்துவிட்டு மனநல உதவிக்கான 14416 டெலி மானஸ் எண்ணைக் கொடுங்கள். ஃபர்ஸ்ட் இயர் பையனை ராத்திரி 12 மணிக்கு அந்த ரூம் கதவைத் தொட்டுவிட்டு வா என்று அனுப்புவது ராகிங். தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, புகார் எண் 1800-180-5522.

எழுதும்போது சொன்னது ஒரு பத்தி, அளந்தது ஒரு பத்தி என்று பிரித்து வையுங்கள். விளக்கம் கிடைக்காததை அப்படியே விடுங்கள், வலிந்து அடைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடியும் கேளுங்கள். "பைப்புல காத்துன்னு சொன்னாங்க, ஆனா அன்னிக்குத் தண்ணியே விடல" என்று கதையில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கும். அதையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.