கறிவேப்பிலை தொட்டி பக்கத்துல தினம் பத்து நிமிஷம் (முட்டையில இருந்து வண்ணத்துப்பூச்சி வரைக்கும்)

நான் கிருஷ்ணகிரியில வீட்ல இருந்தே ஆரி வொர்க் ப்ளவுஸ் போட்டு தர்றேன். போன கல்யாண சீசன்ல ஒரு கட்டத்துல கை ஓடவே இல்ல, ப்ரேம் முன்னாடி உக்காந்தா மயிலு, தாமரை, மாங்கா இதே மூணு தான் திரும்ப திரும்ப வருது, போன்ல தேடினாலும் அதே தான். ஒரு நாள் துணி காயப்போட மொட்டமாடிக்கு போனவ, சையத் பாஷா மலை மேல வெயில் விழறத பாத்துக்கிட்டே கறிவேப்பிலை தொட்டி பக்கத்துல உக்காந்துட்டேன். அன்னைக்கு ஆரம்பிச்சது தான், அந்த செடியில வளர்ற வண்ணத்துப்பூச்சிங்கள தினமும் பாத்து வரைஞ்சு டிசைன் எடுக்குறது, இன்னும் விடல. அத எப்படி செய்றதுன்னு தான் இங்க எழுதறேன், செடி வைக்கிறது, மண் கலக்குறது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஸ்டெப் 1: ஒரே ஒரு செடி

மாடி முழுக்க சுத்தி பாக்க வேணாம், ஒண்ணு போதும். கறிவேப்பிலை இல்லன்னா எலுமிச்சையோ நாரத்தையோ இருந்தாலும் சரி, எல்லாம் ஒரே குடும்பம், ஒரே வண்ணத்துப்பூச்சிங்க தான் வரும். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகின்னு அதுங்களுக்கு தமிழ்ல பேரே இருக்கு. நம்ம மாநில வண்ணத்துப்பூச்சியா 2019-ல அறிவிச்ச தமிழ் மறவன் மேற்குத்தொடர்ச்சி மலைக்காரன், அவன் நம்ம மாடிக்கு வரமாட்டான், ஆனா இதுங்க ரெண்டும் கண்டிப்பா வரும்.

அந்த செடிக்கு மட்டும் எந்த மருந்தும் அடிக்காதீங்க, வேப்பெண்ணெய் கூட வேணாம். நான் வாரா வாரம் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடிச்சிட்டு, எலை மேல காக்கா எச்சம் மாதிரி இருந்ததயெல்லாம் துணியால தொடச்சு போட்டுட்டு இருந்தேன். அதெல்லாம் குட்டிப் புழுன்னு அப்புறம் தான் தெரிஞ்சது, இப்பவும் நெனச்சா கஷ்டமா இருக்கு.

ஸ்டெப் 2: நேரம், நோட்டு

வெயில் ஏறுன பிறகு, எட்டுல இருந்து பத்து மணிக்குள்ள உக்காருங்க. மார்கழி பனியில வெயில் வர்ற வரைக்கும் அதுங்க பறக்காது, அதனால சீக்கிரம் போய் பிரயோஜனம் இல்ல.

போன் கீழயே இருக்கட்டும். 40 பக்க நோட்டு ஒண்ணு, பென்சில் ஒண்ணு, இது தான் என்னோட சாய்ஸ். போட்டோ எடுத்தா எடுத்ததோட மறந்துடுவோம், வரையணும்னா எத்தன புள்ளி, எந்தப் பக்கம் சாயுதுன்னு எண்ணி தான் ஆகணும்.

ஸ்டெப் 3: தேடுறது

இளம் தளிர்ல பாருங்க, கடுக விட சின்னதா வெளிர் மஞ்சள்ல ஒரு உருண்ட, ஒண்ணொண்ணா தனித்தனியா இருக்கும், அது தான் முட்டை. மூணு நாலு நாள்ல பொரிஞ்சிடும். அப்புறம் புழு காக்கா எச்சம் மாதிரி இருக்குற கட்டம், குருவி கண்ணுல இருந்து தப்பிக்கத் தான் அந்த வேஷம். கடைசியா ஒரு தடவ தோல் உரிச்சு பச்சையாகிடும். அப்ப லேசா தொட்டீங்கன்னா தல பின்னாடி இருந்து ரெண்டு கொம்பு மாதிரி வெளிய நீட்டும், ஒரு நாத்தமும் வரும். ஒரு தடவ பாத்தா போதும், சும்மா சும்மா தொட்டு தொந்தரவு பண்ணாதீங்க.

ஸ்டெப் 4: கூடு கட்டும்போது (இத மட்டும் ரெண்டு தடவ படிங்க)

எனக்கு தப்பு நடந்தது இங்க தான். பல்லி தின்னுடுமோன்னு பயந்து பச்சைப் புழு ஒண்ண ஸ்வீட் பாக்ஸ் ப்ளாஸ்டிக் டப்பாவுல போட்டு, மூடியில ஓட்டை போட்டு வச்சேன். அது மூடியோரமா கூடு கட்டுச்சு, பத்தாவது நாள் காலையில வெளிய வந்துடுச்சு, ஆனா டப்பா சுவரு வழுவழுன்னு இருக்கறதால ஏற முடியாம கீழ விழுந்து, ஈர றெக்கை சுருண்டபடியே காஞ்சு போச்சு. பஞ்சுல சர்க்கரத் தண்ணி வச்சேன், மூணு நாள் இருந்துச்சு. பறக்கவே இல்ல.

காரணம் என்னன்னா, வெளிய வந்த உடனே றெக்கை கசங்குன துணி மாதிரி தான் இருக்கும், அது எங்கயாவது புடிச்சு ஏறி, றெக்கை கீழ தொங்குற மாதிரி நிக்கணும், அப்ப தான் உடம்புல இருக்குற நீர் றெக்கை நரம்புக்குள்ள போய் விரியும். அதனால வழுக்குற எதுவும் ஆகாது. சாப்பாட்டு மேல கவுக்குற வலை மூடி இருக்குல்ல, அது தான் பெஸ்ட், பெருசா பாத்து வாங்குங்க, உள்ள சொரசொரப்பான குச்சி ரெண்டு சாச்சு வைங்க. கூடு கழண்டு விழுந்துட்டா பதறாதீங்க, காட்டன் துணி ஒண்ணு தொங்கவிட்டு அதோட அடியில வைங்க, வந்ததும் துணிய புடிச்சு ஏறிக்கும். கூடு கருத்து உள்ள றெக்கை டிசைன் தெரிஞ்சா அடுத்த நாள் காலையிலயே அங்க உக்காந்துடுங்க. விரிஞ்சு காஞ்சு பறக்க ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகும், அது வரைக்கும் கை வைக்காதீங்க.

ஸ்டெப் 5: நோட்டுல இருந்து துணிக்கு

கறிவேப்பிலை அழகி ஆண் கருப்பா இருக்கும், பின் றெக்கையில குறுக்கால வெள்ளைத் திட்டு வரிசை. முன் றெக்கை ஓரத்துலயும் வெள்ளைப் புள்ளி உண்டு, நுனிக்கு போகப் போக சின்னதாகிட்டே போகும், இத நான் நாலாவது தடவ வரையும்போது தான் கவனிச்சேன். அத அப்படியே கருப்பு ப்ளவுஸ் கை ஓரத்துல பெரிய முத்துல ஆரம்பிச்சு சின்ன முத்துல முடிச்சேன், வேற வேலையே இல்ல, கல்லு, ஜர்தோசி எதுவும் வைக்கல. எங்க அத்தை கையில எடுத்து பாத்துட்டு “இது எங்க பாத்தம்மா?”ன்னு கேட்டாங்க, மாடிக்கு கூட்டிட்டு போய் காட்டுனேன். இப்ப அவங்களும் டீ டம்ளரும் நிப்பட்டுமா வந்து உக்காந்துக்குறாங்க.

பெண்ணுல சிலது பின் றெக்கையில செவப்புத் திட்டோட வேற பூச்சி மாதிரியே இருக்கும், ஏமாந்துடாதீங்க. ஆடுதீண்டாப்பாளைங்கற செடிய தின்னு வளர்ற விஷமுள்ள பூச்சி ஒண்ணு இருக்கு, அது மாதிரி வேஷம் போட்டா பறவைங்க தொடாது.

அப்டேட்: படிச்சிட்டு செஞ்சு பாத்தவங்க கேட்டது

பச்சைப் புழு திடீர்னு காணோம்னு நெறைய பேர் சொன்னீங்க. எல்லாத்தையும் பல்லி தின்னுருக்காது, கூடு கட்டுறதுக்கு முன்னாடி தண்ணியா கழிஞ்சிட்டு செடிய விட்டு எறங்கி நடக்கும், தொட்டி விளிம்பு, துணிக்கொடி கம்பி, சுவரு மூலையில தேடுங்க. பச்சையோ பழுப்போ, இருக்குற எடத்துக்கு ஏத்த மாதிரி இருக்கும், சட்டுனு கண்ணுக்கு தெரியாது.

சந்தையில வாங்குன கறிவேப்பிலைய போட்டு புழு செத்துடுச்சுன்னு தர்மபுரியில இருந்து ஒரு அக்கா எழுதியிருந்தாங்க. மருந்து அடிச்ச எலையா இருந்திருக்கும், கழுவினாலும் நம்ப முடியாது, நம்ம செடி எலைய மட்டும் குடுங்க.

குளிர் மாசத்துல பத்து நாள் தாண்டியும் கூடு அப்படியே இருந்தா தூக்கி போட்டுடாதீங்க, கருப்பாகி மெத்துன்னு ஆகாத வரைக்கும் உயிரோட தான் இருக்கும்னு வச்சுக்கோங்க. என்னோடது ஒண்ணு இப்ப பதினாறாவது நாள், இன்னும் பச்சையா தான் இருக்கு, தினமும் போய் பாத்துட்டு வர்றேன்.