திரையின் வேகத்தைத் தேவைக்கேற்ப இறங்க வைத்து மின்கலச் செலவைக் குறைப்பது எப்படி?

ஒரு நொடியில் திரை எத்தனை முறை தன் படத்தைப் புதிதாக வரைகிறதோ, அதையே புதுப்பிப்பு வீதம் அல்லது ரெஃப்ரெஷ் ரேட் என்கிறோம். 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 முறை) ஏறத்தாழ 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறையும், 120 ஹெர்ட்ஸில் 8.3 மில்லிநொடிக்கு ஒரு முறையும் திரை வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையும் படத்தின் தரவு திரைக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள டிரைவர் சிப் பிக்சல் வரிசைகளை மீண்டும் மின்னேற்ற வேண்டும். படம் மாறிக்கொண்டிருந்தால் கிராஃபிக்ஸ் பகுதி அதைக் கணக்கிடவும் வேண்டும். அசையாமல் நிற்கும் ஒரு கட்டுரையைப் படிக்கும்போதும் நொடிக்கு 120 முறை வரைவது வீண் செலவு. அந்த வீணைத் தவிர்க்க வந்ததே, தேவைக்கேற்ப இந்த வீதத்தை மாற்றும் தகவமைப் புதுப்பிப்பு (அடாப்டிவ் ரெஃப்ரெஷ்). ஆனால் அமைப்புகளில் 'அடாப்டிவ்' என்பதை இயக்கியவுடன் சேமிப்பு தானாக வந்துவிடுவதில்லை. திரை உண்மையில் இறங்குகிறதா, இறங்கவிடாமல் தடுப்பது எது என்று பார்ப்பதில்தான் பலன் இருக்கிறது.

முதலில் உங்கள் கருவியின் திரை எவ்வளவு தூரம் இறங்கக்கூடியது என்று அறிந்துகொள்ளுங்கள். பிக்சல்கள் தாமே ஒளிரும் சாதாரண ஓஎல்இடி திரைகளில் ஒவ்வொரு பிக்சலுக்கும் பின்னாலுள்ள டிரான்சிஸ்டர் வழியே மின்னூட்டம் மெல்லக் கசிவதால், அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் படத்தின் ஒளி மாறி, சிமிட்டுவது போலத் தோன்றும். கசிவு மிகக் குறைந்த ஆக்சைடு டிரான்சிஸ்டர்களையும் வேகமாக இயங்கும் சிலிக்கான் டிரான்சிஸ்டர்களையும் இணைத்த எல்டிபிஓ திரைகளால் மட்டுமே ஒற்றை இலக்க ஹெர்ட்ஸ் வரை நிம்மதியாக இறங்க முடிகிறது. 2021இல் வந்த ஐபோன் 13 ப்ரோ 10 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மாறியது. அடுத்த ஆண்டின் 14 ப்ரோ 1 ஹெர்ட்ஸ் வரை இறங்கியதால்தான் எப்போதும் ஒளிரும் திரை அதில் சாத்தியமாயிற்று. உங்கள் கைபேசியின் விவரக்குறிப்பில் '1–120' போன்ற வீச்சு இருந்தால் தகவமை முறையையே வைத்துக்கொள்ளுங்கள். 60, 90, 120 என ஓரிரு படிகள் மட்டுமே இருந்தால், மின்கலமே முக்கியம் என்பவர்களுக்கு 60இல் நிலைநிறுத்திவிடுவதே எளிய வழி என்பது என் கருத்து.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இந்த அமைப்பு டிஸ்ப்ளே பகுதியில் இருக்கும். பிக்சல் அதை 'ஸ்மூத் டிஸ்ப்ளே' என்றும், சாம்சங் 'மோஷன் ஸ்மூத்னஸ்' என்றும் அழைக்கின்றன. ஐபோன் ப்ரோ வகைகளில் அது இயல்பாகவே இயங்கும். உச்ச வேகம் வேண்டாம் என்றால் அக்சஸிபிலிட்டி, மோஷன் என்ற வழியில் சென்று 'லிமிட் ஃப்ரேம் ரேட்' என்பதை இயக்கினால் 60ஐத் தாண்டாது. லோ பவர் மோடும் இதையே செய்கிறது.

அடுத்து சோதனை. ஆண்ட்ராய்டில் அமைப்புகளின் 'அபவுட் ஃபோன்' பகுதியிலுள்ள பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் அமைப்புகள் திறக்கும். அங்கே 'ஷோ ரெஃப்ரெஷ் ரேட்' என்பதை இயக்கினால் திரையின் மூலையில் எண் தெரியும். சில கருவிகளில் இந்த எண் இயங்குதளம் தேர்ந்த வேகத்தைத்தான் காட்டும். பேனல் (திரைப் பலகை) அதற்கும் கீழே தானாக இறங்கியிருக்கலாம். ஆகவே எண்ணின் துல்லியத்தைவிட அதன் போக்கைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தைத் திறந்து, விரலை எடுத்துவிட்டுச் சில நொடிகள் காத்திருங்கள். எண் இறங்கினால் நல்லது. இறங்காமல் 120இலேயே நின்றால், பெரும்பாலும் திரையில் ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்த 'ஏதோ ஒன்றை'க் கண்டுபிடிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். அசையும் வால்பேப்பர், தானாக ஓடும் குறுங்காணொளிகள், பக்கத்தின் ஓரத்தில் துள்ளும் விளம்பரம், நொடிக்கொரு முறை மாறும் இணைய வேக மானி, சுழன்றுகொண்டே இருக்கும் லோடிங் குறி ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு எண்ணைப் பாருங்கள். பலரும் எண்ணிப் பாராத இன்னொரு காரணம் நம் விரல்: தொட்டவுடன் திரை தயக்கமின்றி நகர வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலான கருவிகள் தொடுகையின்போது வேகத்தை உச்சத்துக்கு ஏற்றுகின்றன. படிக்கும்போது கட்டைவிரலால் பக்கத்தைச் சும்மா மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருக்கும் பழக்கம் உள்ளவருக்கு, எவ்வளவு நல்ல பேனல் இருந்தும் சேமிப்பு குறைவாகவே கிடைக்கும். எல்லாவற்றையும் நிறுத்தியும் எண் இறங்காவிட்டால் திரையின் ஒளியைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். மங்கலான ஒளியில் வேகம் மாறும்போது சிமிட்டல் கண்ணுக்குத் தெரியும் என்பதால், சில கைபேசிகள் அப்போது வேகத்தை மாற்றுவதே இல்லை.

திரைப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃப்ரேம்கள்) கொண்டவை என்பதால், காணொளி பார்க்கும்போது உச்ச வேகத்தால் பயனில்லை. நல்ல செயலிகள் திரையைத் தாமே இறக்கிவிடும். விளையாட்டுகளில் நிலைமை வேறு. அங்கே கிராஃபிக்ஸ் பகுதியின் உழைப்பே பெரும் செலவு என்பதால், விளையாட்டின் அமைப்புகளுக்குள் சென்று சட்டக வேகத்தை 60 அல்லது 30 என்று கட்டுப்படுத்துங்கள்.

மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருந்தால், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற வரிசையில் சென்று டைனமிக் ரெஃப்ரெஷ் ரேட்டைத் தேர்ந்தெடுக்கலாம். மாறும் வீதத்தை ஆதரிக்கும், குறைந்தது 120 ஹெர்ட்ஸ் கொண்ட திரைகளில்தான் அது தோன்றும். தோன்றாவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துப் பாருங்கள். 2013இல் அறிமுகமான என்விடியாவின் ஜி-சிங்க் போன்றவையும் திரையின் வேகத்தை மாற்றுபவைதான்; ஆனால் அவை வேறு நோக்கத்துக்காக வந்தவை. விளையாட்டில் படம் கிழிவதை (இரு துண்டாகப் பிளந்தது போலத் தெரிவதை) தடுப்பதே அவற்றின் வேலை. அவற்றை இயக்கியதால் மின்சாரம் மிச்சமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பலனை அளக்கும்போது திரையின் ஒளி அளவை ஒரே நிலையில் பூட்டி வையுங்கள். தானியங்கி ஒளி இயங்கிக்கொண்டிருந்தால், ஒளி மாறுவதால் வரும் வேறுபாடு புதுப்பிப்பு வீதத்தால் வரும் வேறுபாட்டை எளிதில் மறைத்துவிடும். ஒரே வேலையை இரண்டு மூன்று நாட்கள் 120இலும், அதன்பின் தகவமை முறையிலும் செய்து, பேட்டரி பகுதியில் திரை எடுத்துக்கொண்ட பங்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.