ஆணி அடிக்காமல் படம் மாட்டுவது: செட்டிநாட்டு வீட்டில் ஓவியக் கண்காட்சி

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் நவீன ஓவியக் கண்காட்சி வைக்க நினைத்தால் சுத்தியலையும் டிரில்லையும் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சுவர் சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த கடைசிப் பூச்சைத் தேய்த்து மெருகேற்றியது. ஆணி இறங்கினால் மேற்பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். ஓட்டையைச் சிமென்டால் அடைப்பது இன்னும் மோசம். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் ஓரங்களில் உப்புப் பூத்து உதிரும். இருபக்க டேப்பைப் பிரித்தால் மெருகும் கூடவே வரும்.

சுவரை விட்டுவிடுங்கள். 8 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. பிளைவுட் பலகை இரண்டை மூன்று கீல் போட்டு இணைத்து, 'ட' எழுத்துப் போல மடக்கி நிறுத்தினால் தனியாக நிற்கும். ஒற்றைப் பலகையை நம்பக்கூடாது. வாசலில் நுழையும் காற்று பின்கட்டு வரை நேராக ஓடும் வீடுகள் இவை, சாய்த்துவிடும். பலகையின் இரண்டு நுனியிலும் குறுக்குக் கால் வைத்து, ஒவ்வொன்றிலும் 10 கிலோ மணல்மூட்டை போடுங்கள். அடியில் கெட்டியான கம்பளித் துணி ஒட்டுவது கட்டாயம். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல, கண்ணாடியில் வார்த்த சிமென்ட் கல். இழுத்தால் கீறல் விழும். வழி காட்டும் அம்புக்குறியைத் தரையில் ஒட்டும் ஆசையும் வேண்டாம்.

பலகைக்கு பளபளப்பில்லாத வெளிர் நிறமே நல்லது. மெருகுச் சுவர் பின்னால் மின்னிக்கொண்டிருக்கும்போது பலகையும் மின்னினால் படம் தெரியாது.

எல்லாப் படத்தின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 148 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மேல்விளிம்பைச் சமமாக்கப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. சின்னப் படங்கள் மேலே ஏறிவிடும். கொக்கியின் இடத்துக்குக் கணக்கு இது: 148, கூட்டல் படத்தின் உயரத்தில் பாதி, கழித்தல் படத்தின் பின்னால் இழுத்துப் பிடித்த கம்பிக்கும் மேல்விளிம்புக்கும் உள்ள இடைவெளி. 60 செ.மீ. உயரப் படம், இடைவெளி 8 என்றால், 148 + 30 − 8 = 170. ஒரே கொக்கியில் தொங்கும் படம் நாளடைவில் கோணும், இரண்டு கொக்கி போடுங்கள்.

வெளிச்சம்தான் இங்கே பெரிய தலைவலி. வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம், வானம் பார்த்தது. வெயில் நாள் முழுக்க இடம் மாறும். காலை 9, நண்பகல், மாலை 4 மணிக்கு வெயில் விழும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்து, அதற்குள் எதையும் வைக்காதீர்கள். நீர்வண்ணம், காகிதம், பழைய புகைப்படம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை. காகிதப் படைப்புகளை உள் அறைகளுக்குக் கொண்டுபோவது புத்திசாலித்தனம். விளக்கு மேலிருந்து 30 பாகை சாய்வில் விழட்டும். நேரே அடித்தால் கண்ணாடியில் பார்ப்பவர் முகம்தான் தெரியும்.

மழைச்சாரல் தாழ்வாரத்துக்குள் வரும். வளவு விளிம்பிலிருந்து 2 மீட்டராவது தள்ளி வையுங்கள். சட்டத்தின் கீழ்மூலைகளில் 1 செ.மீ. கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்றோடும், பூஞ்சை பிடிக்காது. பல்லி எச்சத்துக்கு மருந்து கிடையாது. தினமும் காலையில் மென்தூரிகையால் சட்டத்தைத் துடைக்க வேண்டியதுதான். படத்தின் மேல் விழுந்திருந்தால் ஈரத்துணி போடாமல் ஓவியரைக் கூப்பிடுங்கள்.

நாள் குறிப்பதற்குமுன் பங்காளிகள் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு வீட்டுக்குப் பல பங்கு, அறைச் சாவி ஒவ்வொன்றும் ஓர் ஊரில் இருக்கும். முகூர்த்த மாதங்களில் கல்யாணத்துக்கு வீடு தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. கார்த்திகை தீபம் கழிந்து 21ஆம் நாள் வாக்கில் வரும் பிள்ளையார் நோன்பு முடிந்ததிலிருந்து பொங்கலுக்கு முன்வரை கேட்டுப் பாருங்கள்.