கூரை வேலைக்கு நம்பிக்கையானவரைத் தெரிவு செய்வது எப்படி? வன்னியில் முதன்முறையாக வீடு கட்டுவோருக்கான செய்முறை விளக்கம்

அத்திவாரத்துக்கும் சுவருக்கும் ஆள் பிடிக்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கும் நாம், கூரைக்கு வரும்போது அந்தக் கவனத்தைக் கைவிட்டுவிடுகிறோம். சுவர் எழும்பி முடிகிற நேரத்தில் கையிலுள்ள பணமும் பொறுமையும் குறைந்துபோக, மாரிக்கு முன்னர் எப்படியாவது மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தில், முதலில் வந்து விலை சொன்னவரிடமே வேலை போய்ச் சேர்கிறது. வன்னியில் இந்த அவசரத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை வாடைக்காற்றோடு அடிக்கும் மழை, சரியாக மூடப்படாத ஒவ்வொரு பொருத்தையும் தேடிப் பிடித்து உள்ளே இறங்கும்.

ஆகவே, இந்த விளக்கம் முழுவதற்கும் அடிப்படையான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆளை மாரியில் தேடுங்கள், வேலையைக் கோடையில் கொடுங்கள். ஒருவர் போட்ட கூரை ஒழுகுகிறதா இல்லையா என்பதை மழைக்காலத்தில்தான் பார்க்க முடியும். காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கையில் பணம் வரும்போது யாரிடம் வேலையைக் கொடுப்பது என்ற முடிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஆவணி, புரட்டாதியில் தேடத் தொடங்கினால் நல்ல வேலைக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே வேறு வீடுகளின் கூரையில் நிற்பார்கள்.

முதற்படி: எந்தக் கூரை என்பதை முடிவு செய்தல்

ஓட்டுக்கூரைக்கு மரவேலை தெரிந்த ஓடாவி வேண்டும். இரும்புச் சட்டத்தின் மேல் அமானோ என்று எல்லோரும் சொல்லும் நிறத்தகடு போடுவதானால், இரும்பை ஒட்டும் வெல்டிங் வேலையும் தகடு பொருத்துவதும் தெரிந்தவர் வேண்டும். இரண்டையும் நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், உங்கள் கூரை வகையில் அவர் முன்பு செய்த வேலையையே பார்க்க வேண்டும்.

பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றைக் கழற்றுவதும் வேலையில் அடங்குமானால், எப்படிக் கழற்றுவார் என்று கட்டாயம் கேளுங்கள். எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆபத்து அதன் தூசியில்தான் இருக்கிறது. சீற்றை நனைத்து, உடைக்காமல், முழுதாக இறக்குவேன் என்பவரிடம் தொடர்ந்து பேசலாம். மேலேயிருந்து எறிந்து உடைப்பவரும், உலர்ந்த சீற்றைக் கிரைண்டரால் அறுப்பவரும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சுவாசப்பையைப் பற்றி நினைக்காதவர்கள்; அவர்களிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: அளவை நீங்களே கணக்கிடுதல்

விலை பெரும்பாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் சொல்லப்படும். ஆனால் வீட்டின் தரைப் பரப்பும் கூரையின் பரப்பும் ஒன்றல்ல என்பதைப் பலர் கணக்குத் தீர்க்கும் நாளில்தான் அறிகிறார்கள். 20 அடி அகலமும் 30 அடி நீளமும் கொண்ட வீட்டின் தரை 600 சதுர அடி. நாற்புறமும் 2 அடி தாவாரம் விட்டால் அது 24 x 34, அதாவது 816 சதுர அடி ஆகிறது. இரு பக்கமும் 30 பாகை சரிவு வைத்தால் அதை ஏறத்தாழ 1.15 ஆல் பெருக்க வேண்டும்; கூரையின் உண்மையான பரப்பு சுமார் 940 சதுர அடி. இந்த எண் உங்கள் கையில் இருந்தால், ஒருவர் 940 என்றும் இன்னொருவர் 1,200 என்றும் சொல்லும்போது, அந்த மேலதிக 260 சதுர அடி எங்கிருந்து வந்தது என்று அமைதியாகக் கேட்கலாம். நேர்மையானவர் நாடாவைப் பிடித்து அளந்து காட்டுவார்.

மூன்றாம் படி: பழைய வேலைகளைப் போய்ப் பார்த்தல்

இதுவே மிக முக்கியமான படி; ஒரு முழு நாள் போனாலும் பரவாயில்லை. ஹாட்வெயார் கடையில் கேட்டால் பெயர்கள் கிடைக்கும், ஆனால் அந்தக் கடையிலேயே பொருள் வாங்குபவரின் பெயர்தான் அங்கு முதலில் சொல்லப்படும். அயலில் அண்மையில் வீடு கட்டியவர்களிடமும் கிராம அலுவலரிடமும் விசாரியுங்கள். பிறகு பெயர் சொல்லப்பட்டவரிடமே, குறைந்தது இரண்டு மாரியைக் கண்ட கூரைகள் மூன்றின் முகவரியைக் கேளுங்கள். விசுவமடுவில் இருப்பவர் மல்லாவியில் செய்த வேலையைக் காட்டினாலும் போய்ப் பாருங்கள். போன மாதம் முடித்த வீட்டை மட்டும் காட்டுபவரின் வேலையை இன்னும் எந்த மழையும் பார்க்கவில்லை.

அந்த வீட்டுக்குப் போனதும் முதலில் முற்றத்தில் தள்ளி நின்று முகட்டைப் பாருங்கள். நூல் பிடித்ததுபோல் நேராக இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்திருந்தால் மரம் மெலிது, அல்லது தாங்கு போதாது. பின்பு வீட்டுக்காரரின் அனுமதியோடு உள்ளே போய், சுவரின் உச்சியையும், இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் மூலையில் பீலி போட்டிருக்கும் இடத்தையும் பாருங்கள். ஒழுக்கு பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். சுவரில் தேநீர் நிறத்தில் கீழிறங்கும் கோடுகள், பின்னர் அப்பிய தாரின் கறுப்புத் திட்டுகள், கைமரத்தில் ஏறியிருக்கும் கறையான் புற்று ஆகியவை யாரும் வாய் திறக்காமலே செய்தி சொல்லும்.

தகட்டுக் கூரையானால் தகட்டைப் பிடிக்கும் திருகாணிகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஆணியின் கீழும் இறப்பர் வாஷர் இருக்கும். அளவோடு முறுக்கப்பட்ட வாஷர் தகட்டோடு தட்டையாகப் படிந்திருக்கும். அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் நசுங்கி ஓரத்தால் பிதுங்கி நிற்கும். ஆணி சரிந்து ஏறியிருந்தால் ஒரு பக்கத்தில் நீக்கல் தெரியும். இரண்டு இடத்திலும் சில வருடங்களில் தண்ணீர் இறங்கும். தகட்டின் மேல் மிளகு தூவியதுபோல் செம்மஞ்சள் புள்ளிகள் இருந்தால், துளையிட்டபோது விழுந்த இரும்புத்தூளைக் கூட்டி எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் தூள் முதல் மழையிலேயே துருப்பிடித்து, தகட்டின் பூச்சையும் அரிக்கத் தொடங்கும். நல்ல வேலைக்காரர் ஒவ்வொரு மாலையும் இறங்குமுன் கூரையைக் கூட்டுவார். எனது பார்வையில் ஒருவரின் குணத்தைக் காட்ட இந்த ஒரு பழக்கம் போதும்.

இறுதியாக வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: வேலை முடிந்த பிறகு குறை ஒன்று தெரிந்து கூப்பிட்டபோது அவர் வந்தாரா? குறை வராத கூரை அரிது. கூப்பிட்டதும் வந்தவரைத்தான் நாம் தேடுகிறோம்.

நான்காம் படி: நேரில் பேசிப் பார்த்தல்

தொழில் தெரிந்தவரா என்று அறிய, வாயால் புகழ்ந்து சொல்லவிடாமல், வேலையைப் பற்றியே கேளுங்கள். “சீற்றை எந்தப் பக்கத்திலிருந்து போடத் தொடங்குவீர்கள், அண்ணை?” என்று கேட்டால், வாடை அடிக்கும் வடகிழக்குக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, தாவாரத்திலிருந்து முகட்டை நோக்கி ஏறுவேன் என்று சொல்ல வேண்டும். அப்படிப் போட்டால்தான் மேலே படியும் விளிம்பு காற்றுக்கு முகம் காட்டாது, மழையும் பொருத்துக்குள் புகாது. சுவரின் மேல் கிடந்து கூரையைத் தாங்கும் வளைமரத்தை எதனோடு பிணைப்பீர்கள் என்றும் கேளுங்கள். கொங்கிறீற் பீமில் முன்கூட்டியே விட்ட கம்பியோடோ போல்ற்றோடோ பிணைப்பேன் என்பது சரியான பதில். பாரத்திலேயே நிற்கும் என்பவரை விட்டுவிடுங்கள். புயல்காற்று கூரையைக் கீழே அழுத்துவதோடு நிற்பதில்லை, மேலே தூக்கவும் செய்கிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரெவி புயல், வன்னியூடாகவே மன்னார்ப் பக்கம் கடந்தது.

பனங்கைமரம் போடுவதானால் மரம் இறங்கும் நாளில் அறுத்த முனையைப் பாருங்கள். முற்றிய மரத்தில் கறுத்த நார்கள் ஓரமாக நெருங்கிச் செறிந்து, நகத்தால் கீறினாலும் தடம் விழாது. நடுவிலுள்ள வெளிறிய சோறு அதிகமாக இருந்தால் அது இளமரம். முதிரை, பாலை போன்ற காட்டுமரங்களானால், கொண்டுவருவதற்கான அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். மலிவாகத் தருகிறேன் என்று பத்திரமில்லாத மரத்தை இறக்குபவர், சட்டச் சிக்கலை உங்கள் வளவுக்குள் கொண்டுவருகிறார்.

ஐந்தாம் படி: எழுத்தில் பெறுதல்

குறைந்தது மூவரிடம் மதிப்பீடு வாங்குங்கள். “கூரை முழுக்க இவ்வளவு” என்ற ஒற்றைவரி போதாது. தகட்டின் தடிப்பு 0.47 மில்லிமீற்றரா அதற்குக் குறைவா, மரத்தின் வகையும் அளவும் என்ன, கூலிக்கு மட்டுமா பொருளோடு சேர்த்தா, பீலியும் முகட்டு ஓடும் அடங்குமா, எந்தத் திகதியில் தொடங்கி எப்போது முடியும், கூரையிலிருந்து ஒருவர் விழுந்தால் வைத்தியச் செலவு யாருடையது என்பனவெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். அவரது அடையாள அட்டை இலக்கமும் முகவரியும் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, அயலவர் ஒருவரின் சாட்சியும் பெறுங்கள். பிணக்கு வந்து இணக்கசபைக்குப் போனால், பேச்சைவிட இந்தத் தாள் உதவும். தனியாக வீட்டை நடத்தும் பெண்கள், விலை பேசும் நாளிலேயே நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆறாம் படி: பணத்தைக் கட்டங்கட்டமாகக் கொடுத்தல்

இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 2012இல் தொடங்கிய கட்டத்தில் புதிய வீட்டுக்கான 550,000 ரூபாய் ஒரே தடவையில் கொடுக்கப்படவில்லை. வேலை எவ்வளவு நடந்தது என்று பார்த்தே தவணை தவணையாக வந்தது. அதே முறையை உங்கள் கூரைக்கும் கையாளுங்கள். முடியுமானால் பொருளை நீங்களே வாங்கி, பற்றுச்சீட்டை உங்கள் பெயரில் வைத்திருங்கள். கூலியில் சிறு பகுதியை முற்பணமாகவும், மரச்சட்டம் ஏறியதும் ஒரு பகுதியையும், மூடி முடிந்ததும் ஒரு பகுதியையும் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை முதற் பெருமழை வரை பிடித்து வையுங்கள். பெரிய கட்டட ஒப்பந்தங்களில் இது வழமையான நடைமுறை. ஆனால் தொடங்குமுன்பே பேசி எழுதியிருக்க வேண்டும், முடிவில் திடீரெனப் பிடிப்பது அநியாயம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பணம் அனுப்பும் வீடுகளில், வேலைக்காரர் அவரோடு நேரடியாகப் பேசித் தவணையைப் பெற்றுக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. வளவில் நின்று வேலையைப் பார்க்கிறவர் சரி என்று சொன்ன பின்னரே பணம் போக வேண்டும் என்று இரு பக்கமும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முழுக் கூலியையும் முன்னதாகக் கேட்பவரையும், இன்றைக்கு மட்டுமே இந்த விலை என்பவரையும் மறுத்துவிடுங்கள். புயலால் கூரை போயிருந்தாலும், தறப்பாள் கட்டிக்கொண்டு ஒரு வாரம் விசாரித்து ஆளைப் பிடிப்பதே மேல்.

ஏழாம் படி: ஏற்றுக்கொள்ளுதல்

சீலிங் அடிக்கும் வேலையை முதல் மழை கழியும் வரை தள்ளிப் போடுங்கள். மழை பெய்யும்போதே டோர்ச்சுடன் ஒவ்வொரு மூலையையும் பார்த்து, ஈரம் கண்ட இடத்தைச் சோக்கட்டியால் குறித்து, கைத்தொலைபேசியில் படமெடுத்து அன்றைக்கே அனுப்புங்கள். திருத்தி முடிந்து இன்னொரு மழையும் கடந்த பின்னர் மீதிப் பணத்தைக் கொடுத்து, கிடைத்ததாக எழுதி வாங்குங்கள். ஓட்டுக்கூரையானால் மிஞ்சிய ஓடுகளில் இருபது, முப்பதை வளவில் ஒதுக்கி அடுக்கி வையுங்கள். சில வருடங்கள் கழித்து அதே அச்சில் ஓடு தேடினால் கிடைப்பது கடினம்.