தேயிலை மலையில் சுருக்குக் கம்பி: சிறுத்தை மாட்டாமல் இருக்க

இலங்கை மலையகத் தோட்டங்களில் சிறுத்தைக்கு எமன் மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள்தான். மரக்கறிப் பாத்தியைக் கிளறும் காட்டுப்பன்றிக்கு அதில் சுருக்குக் கட்டுகிறார்கள். அதே தடத்தில் வரும் புலி மாட்டிக்கொள்கிறது. (தோட்டத்தில் புலி என்றால் சிறுத்தை. வரிப்புலி இலங்கையில் கிடையாது.)

முதலில் பேச்சு. காலையில் வேலை பிரிக்கக் கூடும் பிரட்டுக்களத்தில் பத்து நிமிடம் போதும். தோட்டத் தலைவரும் நிர்வாகமும் பக்கத்தில் நிற்கட்டும். கழற்றிய கம்பி ஒன்றைக் கையில் பிடித்துக் காட்டுங்கள். யார் கட்டியது என்று மட்டும் விசாரிக்காதீர்கள். விசாரித்தால் அடுத்த கம்பி இன்னும் மறைவான இடத்துக்குப் போகும். பன்றித் தொல்லைக்கு வழி சொல்லாத கூட்டம் வீண். பாத்திகளை ஒரே இடமாகச் சேர்த்து, பொதுவில் ஒரு வேலி போடுவதைப் பற்றிப் பேசுங்கள்.

கம்பி தேட வெயில் ஏறியபின், மூன்று பேராகப் போங்கள். காடும் தேயிலையும் தொடும் எல்லை, மானாப்புல் மடிந்த பன்றித் தடம், வேலி இடுக்கு: இவற்றில்தான் இருக்கும். தடத்தின் இருபுறமும் மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி) குத்தி வழியை ஒடுக்கியிருந்தால் நின்று பாருங்கள், வளையம் அங்கேதான் தொங்கும். சுருக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்தால் மறுநாள் திரும்பக் கட்டுவார்கள். குறடால் அடியோடு வெட்டி, கம்பியைக் கையோடு கொண்டுவாருங்கள். மலை (தேயிலைப் பகுதி) இலக்கத்தையும் திகதியையும் குறித்து வையுங்கள்.

சிறுத்தை மாட்டியிருந்தால் 1992க்கு அழையுங்கள், அது வனஜீவராசிகள் திணைக்கள அவசர இலக்கம். கூட்டத்தைக் கண்ணுக்கெட்டாத தூரம் விலக்குங்கள். சத்தம் கேட்டு அது திமிறத் திமிறக் கம்பி இறுகும். இடுப்பில் மாட்டியதென்றால் வெளியே காயம் தெரியாமலே உள்ளுறுப்பு நசுங்கும். நீங்களே கம்பியை வெட்டப் போகாதீர்கள். மயக்க ஊசி போடாமல் கிட்ட நெருங்க முடியாது. மீட்டாலும் பிழைக்கும் என்றில்லை: 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் இறந்தது.

கவ்வாத்து வெட்டும்போது (தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது) செடிக்கடியில் சிறுத்தைக் குட்டி கிடந்தால் தூக்காதீர்கள், போட்டோவும் வேண்டாம். தாய் பக்கத்தில்தான் இருக்கும். சத்தமில்லாமல் பின்வாங்கி, அன்றைக்கு வேறு மலைக்கு ஆளை மாற்றச் சொல்லுங்கள். தாய் பெரும்பாலும் இருட்டியபின் வந்து கவ்விக்கொண்டு போய்விடும்.

லயத்துப் பக்கம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) சிறுத்தை வருவது நாய்க்காக. இராத்திரி நாயை உள்ளே கட்டுங்கள், இறைச்சிக் கழிவைக் கானில் (வடிகாலில்) கொட்டாதீர்கள். ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரை ஓரமும் அடைத்திருக்க வேண்டும்; கதவை மட்டும் பூட்டினால் மேலால் இறங்கிவிடும்.