ஸ்கேன் நார்மல், ஆனால் குழந்தை?

மூளைக்காய்ச்சலில் படுத்த குழந்தையின் வீட்டில் எல்லோரும் கேட்பது, "ஸ்கேனில் என்ன வந்திருக்கு?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை எடுத்துக்கொள்ளும் விதத்தில்தான் சறுக்குகிறோம்.

காய்ச்சல், வலிப்பு, அம்மாவையே அடையாளம் தெரியாத பார்வை. அவசரமாக சி.டி. எடுக்கிறார்கள், நார்மல் என்று வருகிறது. உடனே வீட்டுக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள். ரத்தக்கசிவோ பெரிய வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்த சி.டி. மூளைக்காய்ச்சல் ஆரம்ப நாட்களில் அதில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ. இன்னும் நுணுக்கமாகக் காட்டும். அதுவும் சில சமயம் முதலில் சுத்தமாக இருக்கும்.

படத்துக்காக மருந்தைத் தள்ளிப்போடுவது அதைவிட ஆபத்து. ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம் என்ற சந்தேகமே அசைக்ளோவிர் ஊசியைத் தொடங்கப் போதும். உறுதியானால் 2, 3 வாரம் போட வேண்டிவரும். ஐந்தாம் நாள் குழந்தை எழுந்து இட்லி கேட்டது என்று டிஸ்சார்ஜ் வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம், முதுகில் நீர் எடுக்க மறுப்பது. கால் விளங்காமல் போய்விடும் என்று படித்தவர்களே பயப்படுகிறார்கள். ஊசி போகும் இடத்துக்கு மேலேயே தண்டுவடம் முடிந்துவிடுகிறது. என்ன கிருமி என்பதைப் பெரும்பாலும் அந்தச் சில சொட்டு நீர்தான் சொல்லும், படம் அல்ல.

இன்னொரு வகை உண்டு. கிருமி அல்ல, உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குவது. அதில், மூளை நரம்பு செல்களில் உள்ள என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற புரதத்தைத் தாக்கும் வகையை 2007-இல்தான் பெயரிட்டு விவரித்தார்கள். குழந்தை திடீரென்று பேச்சை நிறுத்தும், அலறும், வாயைச் சும்மா மென்றுகொண்டே இருக்கும். பலருக்கு எம்.ஆர்.ஐ. நார்மல்தான். அதைப் பார்த்து 'காத்துக் கருப்பு' என்று மந்திரிக்கப் போகாதீர்கள். சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய் இது. தேறுவதற்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். ஹெர்பிஸ் தேறிய சில வாரங்களில் இது தலைகாட்டுவதும் உண்டு. அதனால் குழந்தை மறுபடி மாறினால் உடனே ஓடுங்கள்.

படத்தில் தழும்பு தெரிந்தாலும் மனம் உடைய வேண்டாம். தழும்போடு நன்றாகத் தேறும் குழந்தைகள் இருக்கிறார்கள். படம் சுத்தமாக இருந்தும், பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிவிட்டுக் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அது சோம்பேறித்தனம் அல்ல, அடிக்காதீர்கள். டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி முதலில் அரைநாள் பள்ளிக்கு அனுப்புங்கள். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மறதி, கோபம், தூக்கம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, அடுத்த செக்கப்புக்கு ஃபிலிம் கவரோடு அதையும் எடுத்துப் போங்கள்.