அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஐந்தொகையைப் பாருங்கள்

காரைக்குடியில் ஃபிளாட் புக் பண்ணப் போகிறவர்கள் மாடல் வீட்டு டைல்ஸைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். கட்டுவது பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் 100 ரூபாய் கட்டி ஆண்டுக் கணக்கைப் பார்க்கலாம். (தனி ஆள் கட்டுகிற இடத்தில் இந்த வழி கிடையாது.)

லாபத்தை அப்புறம் பாருங்கள். முதலில் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட், கம்பெனியின் சொத்தும் கடனும் எழுதிய கணக்கு), நம் வட்டிக்கடைக்காரர்கள் கண் போகிற இடம். விற்காத வீடும் அரைகுறை வேலையும் 'சரக்கிருப்பு' என்று சொத்துப் பக்கம் நிற்கும். வாங்குபவர் கொடுத்த அட்வான்ஸ் பொறுப்புப் பக்கம். சரக்கிருப்பு வருஷா வருஷம் ஏறுகிறது, அட்வான்ஸும் விற்பனையும் இறங்குகிறது என்றால் வீடு தேங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம். பணவரவு அறிக்கையில் செயல்பாட்டுப் பணம் (தொழிலில் வந்த பணத்தில் போன பணத்தைக் கழித்தது) தொடர்ந்து மைனஸா? அப்படியானால் கடனில் ஓடலாம். கடன் பற்றிய குறிப்பைப் புரட்டுங்கள், எதை அடமானம் வைத்தார்கள் என்று அங்கே இருக்கும். உங்கள் ஃபிளாட் நிற்கும் மனையாகவும் இருக்கலாம்.